லாரியின் ரேஸ் இறங்கவில்லையா? ஐடில் ஸ்க்ரூவைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் 900, 1,000 ஆர்.பி.எம்மில் நின்று கத்துகிறது என்றால், பல இடங்களில் முதல் வேலையாக ஐடிலை (கால் எடுத்த நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தை) வைக்கும் ஸ்க்ரூவைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெடல் இழுக்கும் பம்ப் லிவர் அந்த ஸ்க்ரூவைத் தொடவே இல்லை என்றால் அதைத் திருப்பிப் பயனில்லை. தொட்டுக்கொண்டிருந்தும் ரேஸ் நிற்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, ஸ்க்ரூவைத் திருப்பினால் அது கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு வகையிலும், கோளாறு சரியான பிறகு ஐடில் தேவைக்குக் கீழே போய், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகும்.

இங்கே பெரிதும் சொல்வது இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) வண்டிகளைப் பற்றி. மைக்கோ நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் பட்டறைகளில் மைக்கோ பம்ப் என்றே சொல்லப்படும் அதே பம்ப். ஈ.சி.யூ என்ற கம்ப்யூட்டர் டீசலை அளக்கும் காமன் ரெயில் வண்டிகளுக்குக் கடைசியில் தனியாக வருவோம்.

இந்த டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது. எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு வேகம். பம்ப்புக்குள் இருக்கும் ரேக் முன்னும் பின்னும் நகர்ந்து டீசலைக் கூட்டிக் குறைக்கிறது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் கவர்னர். ஆர்.எஸ்.வி மாதிரி கவர்னர்களில் உங்கள் கால் ரேக்கை நேராகத் தள்ளுவதில்லை. லிவர் கவர்னர் ஸ்பிரிங்கை இழுக்கிறது, கவர்னர் ரேக்கை நகர்த்துகிறது. ஆகவே ரேஸ் நிற்க மூன்றே வழிதான் உண்டு. லிவர் திரும்பி வரவில்லை, அல்லது லிவர் வந்தும் ரேக் வரவில்லை, அல்லது ரேக்கும் வந்துவிட்டது, ஆனால் எஞ்சின் வேறு எண்ணெயை எரிக்கிறது. இந்த மூன்றில் எது என்று தெரியும்வரை எந்த ஸ்பேனரும் பம்ப்மேல் போகக்கூடாது.

ஓட்டத்தில் இருக்கும்போது ரேஸ் நின்றால்

ஷூ முனையை பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். மிதியடி சிக்கியோ பெடல் இறுகியோ இருந்தால் அதிலேயே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் டேங்க் காற்று தீர்ந்துவிடும். தொப்பூர் மாதிரி இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளவே கூடாது. கியரிலேயே, கிளச்சை மிதிக்காமல், டீசலை நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிளை இழுங்கள். டீசல் நின்றாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கம்ப்ரஸரும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யும், எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தும். வண்டி கிட்டத்தட்ட நிற்கும்போது மட்டும் கிளச். சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

முதல் சோதனை: எஞ்சின் ஆஃபில், ஒரு துண்டுக் காகிதம்

சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், நியூட்ரல். கேபினில் ஒருவர் பெடலை முழுக்க மிதித்துவிட்டு மெதுவாகக் காலை எடுக்கட்டும். நீங்கள் பம்ப் லிவரைப் பாருங்கள். லிவர் வந்து ஐடில் ஸ்க்ரூவில் முட்ட வேண்டும். முட்டியதாகக் கண்ணுக்குத் தெரிவது போதாது, 1 மி.மீ. இடைவெளி இருந்தாலே ரேஸ் ஏறி நிற்கும். ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் வைத்து லிவரை விடுங்கள். காகிதம் இறுகிப் பிடித்தால் லிவர் உட்கார்ந்துவிட்டது. உருவினால் வந்துவிட்டால் உட்காரவில்லை. மெதுவாகக் காலை எடுப்பது முக்கியம், படக்கென்று விட்டால் வேகத்திலேயே வந்து முட்டி, இறுக்கத்தைக் காட்டிக்கொடுக்காது. எஞ்சின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள். சூட்டில் மட்டும் இறுகும் கேபிள்கள் உண்டு.

லிவர் உட்காரவில்லை என்றால், லிவரோடு சேரும் பால் ஜாயின்ட்டைக் கழற்றிவிடுங்கள். லிவரைக் கையால் தள்ளி விட்டுப் பாருங்கள். பம்ப் பக்கத்து ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டிய நிலையில் அது தானாக வந்து முட்டினால் பழுது கேபினுக்கும் பம்ப்புக்கும் நடுவில். கையில் விட்டும் மந்தமாக வந்தால் லிவர் ஷாஃப்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, லிவரை முழு வீச்சுக்கு இருபது, முப்பது முறை ஆட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, அது பம்ப் கடை வேலை.

பெடலிலிருந்து லிவர் வரை

ரேஸ் இறங்காத வண்டிகளில் பெரும்பங்கு இங்கேதான் தீர்ந்துவிடும். பெடல் கீலில் தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, எந்தத் துண்டு தனியாகவே இறுக்கமாக இருக்கிறது என்று கையால் உணருங்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளில் பெடலில் ஒன்று, பம்ப்பில் ஒன்று இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றது சமாளித்துக்கொண்டு ஓடும், யாருக்கும் தெரியாது. அறுந்த இடத்தில் சைக்கிள் ட்யூப் கட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள், எஞ்சின் சூட்டில் ரப்பர் தளர்ந்துவிடும். கடையில் கிடைத்த தடித்த ஸ்பிரிங்கையும் மாட்டக்கூடாது. அது லிவரைப் பக்கவாட்டில் இழுத்து ஷாஃப்ட் புஷ்ஷைத் தின்றுவிடும். ஸ்பிரிங் மாட்டும் கோணத்தையும் பாருங்கள். லிவர் முழு ரேஸுக்குப் போகும்போது ஸ்பிரிங் ஷாஃப்ட்டின் மையத்தைத் தாண்டினால், அதே ஸ்பிரிங் லிவரை ரேஸ் பக்கமே பிடித்துவைக்கும்.

பால் ஜாயின்ட்டுகளும் கிராஸ் ஷாஃப்ட் புஷ்களும் வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு இறுகுவது சகஜம். பிரஷர் தண்ணீர் கிரீஸைக் கழுவிவிட்டு மண்ணை உள்ளே தள்ளிவிடுகிறது. சர்வீஸ் முடித்து இரண்டு நாளில் ரேஸ் நிற்க ஆரம்பித்தால் முதலில் இதைப் பாருங்கள். டீசலில் கழுவி, துடைத்து, புது கிரீஸ் வைத்தால் போதும்.

கேபிள் வண்டி என்றால் உள்கம்பியின் முனைகளைப் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தால்கூட அது வெளிக்கவசத்தில் மாட்டிக்கொண்டு பாதியில் நிற்கும். எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்து போன கேபிளில் உள்ளே இருக்கும் நைலான் குழாய் உருகியிருக்கும். இப்படிப்பட்ட கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பார்ப்பது வீண், மாற்றிவிடுங்கள். புதுக் கேபிளைக் கூர்மையாக மடக்காமல், சூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், கால் எடுத்த நிலையில் 1 முதல் 2 மி.மீ. தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் எஞ்சின் மவுண்டிங் ரப்பர். பெடல் கேபினில் இருக்கிறது, பம்ப் எஞ்சினில் இருக்கிறது. ரப்பர் கிழிந்து எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தால், இணைப்புக் கம்பியின் நீளம் மாறியது போலாகி லிவரைத் தானே இழுத்துவிடும். ஏற்றத்தில் இழுத்த பிறகு ரேஸ் நிற்கிறது, நியூட்ரலில் நிறுத்தியவுடன் சரியாகிவிடுகிறது என்று டிரைவர் சொன்னால் மவுண்டிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேபின் புஷ் மாற்றிய பிறகு வரும் கோளாறும் இதே வகை, கம்பி நீளத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

பெடலுக்கு அடியில் தரையில் ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். லிவர் முழு ரேஸின் எல்லையான மேக்ஸிமம் ஸ்க்ரூவில் முட்டும் அதே நேரத்தில் பெடல் இந்தப் போல்ட்டில் முட்ட வேண்டும். போல்ட் இல்லாத வண்டியில் டிரைவரின் முழுக் கால் பலமும் லிவர்மேல் இறங்கி, லிவர் வளைந்து அல்லது ஜாயின்ட் புரண்டு, அங்கேயே சிக்கும். டிப்பர், மிக்ஸர் வண்டிகளில் பி.டி.ஓ.வுக்காக (எஞ்சின் பலத்தில் டிப்பரையும் மிக்ஸரையும் இயக்கும் அமைப்பு) லிவரைத் தள்ளும் சின்ன ஏர் சிலிண்டர் இருந்தால், அதன் பிஸ்டன் முழுக்க உள்ளே போகிறதா என்றும் பாருங்கள்.

லிவர் உட்கார்ந்தும் ரேஸ் இறங்கவில்லை

பால் ஜாயின்ட்டைக் கழற்றிய நிலையிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் கை, ஸ்டாப்பர் கேபிள் இழுக்கும் பம்ப்பின் ஸ்டாப் லிவர்மேல் எப்போதும் இருக்கட்டும். எஞ்சின் சூடேறியதும் லிவரைக் கையால் 1,500 வரை ஏற்றி விடுங்கள். இறங்காமல் நின்றால், ஸ்டாப் லிவரை மெதுவாக இழுங்கள்.

இழுத்தவுடன் வேகம் குறைந்து, விட்டதும் ஐடிலில் சாதுவாக நின்றால், ரேக் உள்ளே ஒட்டுகிறது. தண்ணீர் கலந்த டீசலால் வரும் துரு, மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டீசல் காய்ந்து படியும் பிசின், இரண்டும்தான் வழக்கமான காரணம். நாசில் பைப் வேலை பார்த்த பிறகு வந்த கோளாறு என்றால், பம்ப்மேல் நாசில் பைப் மாட்டும் டெலிவரி வால்வ் ஹோல்டரை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏ டைப் பம்ப்பில் அதிக இறுக்கம் பேரலை நெளித்து ரேக்கைப் பிடித்துவிடும். எஞ்சின் ஆஃபில் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் ரேக்கை விரலால் நகர்த்திப் பார்க்கலாம். எங்கும் தட்டாமல் வழுக்கிப் போய் வர வேண்டும். சுத்தமான டீசல் விட்டு நகர்த்தலாம், சுத்தியலோ ஸ்க்ரூ டிரைவரோ கொண்டு நெம்பக்கூடாது. உள்ளே தெரியும் பல்சக்கரப் பட்டைகளின் ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் அளவு அவற்றில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஸ்டாப் லிவரை விட்டதும் மறுபடி அதே 900-க்கு ஏறினால் கவர்னர் செட்டிங்கைப் பாருங்கள். ஆர்.எஸ்.வி கவர்னரின் பின்புறம் துணை ஐடில் ஸ்பிரிங்குக்கு ஒரு ஸ்க்ரூ உண்டு. ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்குவதை நிறுத்த யாராவது இதை உள்ளே திருகியிருப்பார்கள். அளவுக்கு மேல் திருகினால் ஏற்ற இறக்கம் நிற்கும், ஆனால் ரேஸும் இறங்காது. நட்டில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பழைய இடத்துக்கு வந்த பிறகும் அந்த ஏற்ற இறக்கம் (ஹன்டிங்) இருந்தால், ஃபீட் பம்ப் சக்‌ஷன் பக்கத்தில் காற்று இழுக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான வழி. பான்ஜோ வாஷர்கள், ஹேண்ட் பிரைமர், டேங்க் பைப் என்று வரிசையாகப் பாருங்கள். தனி ஆயில் ஊற்றும் பழைய பம்ப்புகளில் ஆயில் மட்டத்தையும் பார்க்க வேண்டும். டீசல் கசிந்து மட்டம் ஏறினால் கவர்னர் மந்தமாகும்.

இதற்கும் மேல் கவர்னருக்குள் ஃப்ளை வெயிட், ஸ்லீவ் தேய்மானம் என்றால் டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். கவர்னருக்கும் ரேக்குக்கும் நடுவில் உள்ள லிங்க் கழன்றால் எஞ்சின் கட்டுப்பாடே இல்லாமல் ஏறும். அதனால் கவர்னர் மூடியை ரோட்டோரத்தில் திறக்காதீர்கள்.

ஸ்டாப் லிவரை முழுக்க இழுத்தும் எஞ்சின் நிற்கவில்லை, நீலப் புகை வருகிறது என்றால், ரேக் இறுகியிருக்கலாம், இல்லாவிட்டால் எஞ்சின் டீசல் அல்லாததை எரிக்கிறது. காரணம் தேடும் நேரம் அதுவல்ல. உயர் கியர் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கிளச்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். முடியாவிட்டால் ஏர் இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். துணியோ கையோ உள்ளே இழுபடும். நின்ற பிறகு டர்போ சீல், பிரீதர் பைப், ஆயில் பாத் ஃபில்டரின் ஆயில் மட்டம் மூன்றையும் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறி, ஆயில் டீசல் வாடை அடித்தால், டீசல் எஞ்சின் ஆயில் சம்ப்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கசிவை அடைத்து ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

எலக்ட்ரானிக் பெடல் வண்டிகள்

எலக்ட்ரானிக் பெடல் உள்ள காமன் ரெயில் வண்டிகளில் இழுக்கக் கம்பி கிடையாது. பெடல் வோல்டேஜை அனுப்புகிறது, ஈ.சி.யூ முடிவெடுக்கிறது. ஸ்கேனரை மாட்டி, கால் எடுத்த நிலையில் பெடல் 0 சதவீதம் காட்டுகிறதா என்று பாருங்கள். பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று சுமார் 0.7 முதல் 0.8 வோல்ட், மற்றது அதில் பாதி காட்டும். மெதுவாக மிதிக்கும்போது இந்தப் பாதிக் கணக்கு மாறக்கூடாது. மாறினால் பி2138 என்ற கோளாறுக் குறியீடு விழும். பல வண்டிகளில் ஈ.சி.யூ அப்போது பெடலை நம்பாமல் ஐடிலைத் தானே ஏற்றி வைத்துவிடும். பெடலை வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், கேபின் கழுவிய தண்ணீரும் பச்சைக் களிம்பும் அங்கே இருக்கக்கூடும்.

பெடல் 0 காட்டியும் ரேஸ் நின்றால், ஈ.சி.யூ கேட்கும் ஐடிலையும் உண்மையான வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 900 என்றால் ஈ.சி.யூவே கேட்டு ஏற்றியிருக்கிறது. கூலன்ட் சென்சார் குளிர் என்று பொய் சொல்கிறதா, பி.டி.ஓ ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, பேட்டரி வோல்டேஜ் குறைவா என்று தேடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சுத்திகரிப்பு நடக்கும்போது ஐடில் ஏறுவது இயல்பு, அதை முடிக்கவிடுங்கள். கேட்பது 600, ஓடுவது 900 என்றால் ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது டர்போ ஆயில். எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. அந்த அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு டீசலை உள்ளே செலுத்திவிடும்.

செட்டிங்

பழுதைச் சரிசெய்த பிறகுதான் இன்லைன் பம்ப்பின் ஐடில் ஸ்க்ரூ. தண்ணீர் சூடு வழக்கமான அளவுக்கு வந்து, பால் ஜாயின்ட் கழன்ற நிலையில், கம்பெனி சொன்ன ஐடிலை வையுங்கள். ஆறு சிலிண்டர் லாரிகளில் பொதுவாக 550 முதல் 650-க்குள் வரும். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல் கை டாக்கோமீட்டரால் அளந்து லாக் நட்டை இறுக்குங்கள், இறுக்கும்போதே ஸ்க்ரூ நகரும், மறுபடி அளந்து பாருங்கள். பிறகு கம்பியின் நீளத்தை, பால் தானாக வந்து குழியில் உட்காரும் அளவுக்குக் கட்டுங்கள். இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் நீளம் தவறு. சீல் வைத்த மேக்ஸிமம் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். கடைசியாக அதே காகிதத் துண்டை வைத்து, பெடலை மெதுவாக விட்டு ஒருமுறை, லோடோடு ஒரு ஏற்றம் ஏறி வந்து, எஞ்சினை நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள்.