பென்னுக்கும் பென்சிலுக்கும் உறவில்லை

ஆங்கிலத்தில் 'பென்' இருக்கிறது, 'பென்சில்' இருக்கிறது. அப்படியானால் பென்சில் என்பது குட்டிப் பேனாதானே? சொல் விளக்கங்களில் அடிக்கடி தலைகாட்டும் தவறு இது. ஒலி ஒத்துப்போனதும் உறவு கட்டிவிடுகிறோம்.

பென் வந்தது இறகைக் குறிக்கும் 'பென்னா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர் அது. இறகின் நுனியைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திதான் பென்நைஃப்.

பென்சிலின் வேர் இறகில் இல்லை, வாலில் இருக்கிறது! லத்தீனில் 'பெனிகில்லுஸ்' என்றால் குட்டி வால். ஓவியரின் மெல்லிய தூரிகையையும் அப்படித்தான் அழைத்தார்கள். நுனியில் மயிர்க்கற்றையோடு பார்க்க வால் மாதிரியே இருக்கும். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதற்குத் தூரிகை என்றே பொருள். ஜெர்மன்காரர்களின் 'பின்ஸல்' இன்றும் தூரிகைதான். ஆகவே பழைய ஆங்கில நூலில் ஓவியர் கையில் 'பென்சில்' வந்தால், அவர் கோட்டோவியம் வரைகிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கலாம்.

சரி, பென்சிலுக்குள் இருப்பதை ஆங்கிலத்தில் 'லெட்', அதாவது ஈயம், என்கிறார்களே? அதை வைத்து, முன்பு ஈயம் இருந்தது, நச்சு என்று தெரிந்து பிறகு மாற்றிவிட்டார்கள் என்று கதை சொல்பவர்கள் உண்டு. மரத்துக்குள் வைத்த அந்தக் கரிய குச்சி தொடக்கத்திலிருந்தே கிராஃபைட். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் அது வெட்டியெடுக்கப்பட்டபோது, ஈயத்தின் ஒரு வகை என்று நினைத்து 'கறுப்பு ஈயம்' என்றார்கள். அது கார்பன் என்று ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே காட்டியது 1779இல். பத்தாண்டு கழித்து, 'எழுது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயர் வைத்தார். ஆனாலும் பேச்சுவழக்கில் ஈயம் போகவில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நிஜமான உறவைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது. பெனிசிலின் மருந்தைத் தரும் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரு காம்பின் நுனியில் மயிர் மயிராகப் பிரிந்து தூரிகை போலவே தெரியும். அதனால்தான் அதற்கு 'பெனிசிலியம்' என்று பெயர். அதை வைத்தே 1929இல் ஃபிளெமிங் மருந்துக்கும் பெயரிட்டார். பென்சிலுக்குச் சொந்தம் பென் அல்ல, பெனிசிலின்.