கேரியர் இல்லாத சைக்கிளை வாங்காதீர்கள்

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் புதுச் சைக்கிளோடு வந்து நின்றான். 21 கியர். "இனிமே பக்கத்துல போக ஸ்கூட்டரை எடுக்க மாட்டேண்ணா, ஊர்ல கொஞ்சமாவது புகை குறையட்டும்" என்றான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சைக்கிளைப் பார்த்ததும் திக்கென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கியதும் அப்படியே இதுதான்.

டயருக்குக் காற்றடிப்பது, பூட்டு வாங்குவது எல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். புகையைக் குறைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அழகுக்காகக் கேரியரை விடுவது

18,000 ரூபாய் கொடுத்தேன். "கேரியர் போட்டா லுக் போயிடும் சார்" என்றார் கடைக்காரர். நானும் சரி என்றேன். மட்கார்டு இல்லை, ஸ்டாண்டும் இல்லை. தினமும் விடியற்காலையில் கோட்டக்குப்பம் தாண்டி காலாப்பட்டு வரை மிதித்துவிட்டு வருவேன். வந்த கையோடு பால் வாங்க ஸ்கூட்டர். பெரிய மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டர். கீரைக்கட்டையும் அரிசிப்பையையும் அந்தச் சைக்கிளில் எங்கே வைப்பது? உடம்புக்கு நல்லதுதான். ஆனால் மூன்று மாதத்தில் ஒரு ஸ்கூட்டர் பயணம்கூடக் குறையவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் அந்தச் சின்னச் சின்னப் பயணங்கள்தான் மோசமானவை. "பிஎஸ் 6 வண்டிதானே, புகையே வராதே" என்பார்கள். பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் வண்டிகள் பழையவற்றைவிடச் சுத்தம், மறுக்கவில்லை. ஆனால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சைலன்சரில் இருக்கிறது. நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பால் பூத்துக்குப் போவதற்குள் எங்கே சூடேறும்? ஆறிப்போன இன்ஜின் பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும். சரியாக எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் நம் தெருவிலேயே இறங்கும்.

அப்புறம் உப்புக்காற்று. கடலோர ஊரில் திறந்து கிடக்கும் செயினும் கியரும் என்ன ஆகும்? இரண்டாவது மழைக்காலத்தில் கியர் மாற்றும் கம்பி துருவேறி இறுகிவிட்டது. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது.

இப்போது ஓட்டுவது சாதா சைக்கிள். செயினை முழுதாக மூடும் கவர், இரும்புக் கேரியர், இரட்டைக் கால் ஸ்டாண்டு, முன்னால் ஒரு கூடை. வாரம் ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து நாலு சொட்டு எண்ணெய் விடுகிறேன். அவ்வளவுதான். டவுனுக்குள் தரை சமம், கியரே வேண்டாம். லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் மட்டும் ஏற்றம் இருக்கும். அங்கே இருப்பவர்கள் வேண்டுமானால் கியர் வாங்கட்டும், கேரியரோடு.

தம்பியின் சைக்கிளை முனைக்கடை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கேரியரும் மட்கார்டும் மாட்டினோம். மறுநாள் சாயங்காலம் பின்னால் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க வந்தான்.

முதல் வாரமே பத்து கிலோமீட்டர் ஆபீசுக்கு மிதிப்பது

வேண்டாம். முதல் மாதம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலைகள் மட்டும்.

மழைக்கு வழி யோசிக்காமல் இருப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கொட்டித் தீர்த்துவிடும். மழைக்காக வெளியே எடுக்கும் ஸ்கூட்டர் தை பிறந்தாலும் உள்ளே போகாது. நிறைய பேர் சைக்கிளை விட்டது இப்படித்தான். எந்த டெம்போ, எந்த டவுன் பஸ் நம் வழியில் வருகிறது என்று வெயில் காலத்திலேயே ஒருமுறை ஏறிப் பார்த்து வையுங்கள்.

பள்ளி வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது

அணையுங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் நிற்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தை.