டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கமல்ல, முதல் பக்கம்

பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியிலிருந்து ஆறு மாதத்தைக் கழித்து, அதையே கடைசி நாளாக போன் காலண்டரில் போட்டு வையுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் போய் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். இல்லையென்றால் இங்கேயே செக்-இன் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய். அவசரப்பட்டு தட்கலில் போனால் கூடுதலாக 2,000. குழந்தைகளுடையது ஐந்தே வருடம்தான், வீட்டில் முதலில் காலாவதியாவதும் அதுதான்.

நேபாளம், பூட்டானுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும். பழைய புத்தகத்தில் அமெரிக்க விசா உயிரோடு இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.