பச்சையைப் பார்த்துப் பிணைத்தொகையை விடாதீர்கள்: சீரமைத்த சுரங்க நில ஆய்வில் நேரும் தவறுகள்

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்கும் நிறுவனம், நிலத்தைச் சீரமைத்துத் தருவதற்கு ஈடாக முன்கூட்டியே பிணைத்தொகை வைக்க வேண்டும். இது 1977-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு. தொகை மூன்று கட்டமாகத் திரும்பும். பள்ளத்தை நிரப்பிச் சரிவு ஒழுங்காக்கி வடிகால் அமைத்ததும் 60 சதவீதம் வரை, செடிகொடி வேரூன்றியதும் இன்னொரு பங்கு, பொறுப்புக்காலம் (செடிகொடி நிலைத்து நிற்பதற்கு நிறுவனம் பொறுப்பாக இருக்க வேண்டிய காலம்) முடிந்து எல்லா நிபந்தனையும் நிறைவேறிய பின் மிச்சம். கடைசித் தொகை போய்விட்டால் அந்த நிலத்தின் மேல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு இருக்கும் பிடியும் போய்விடும். மோசடியோ உண்மையை மறைத்ததோ தெரியவந்தால்தான் மறுபடி தலையிட முடியும். கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா மலைகளில் இந்த ஆய்வுக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: புல்லைப் பார்க்கிறார்கள், தண்ணீரைப் பார்ப்பதில்லை.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். நிரப்பிய சரிவின் அடிவாரத்தில் கசியும் ஊற்றில் பி.எச். மானியை (எண் 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்) வைக்கிறீர்கள், 6 காட்டுகிறது. சரி என்று குறித்துக்கொண்டு நகர்ந்தால் அதுதான் தவறு. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு. இரும்பு முழுக்கக் கரைந்திருப்பதால் நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டு அந்த இரும்பு துருவாகப் படியும்போது அமிலம் வெளிவரும். அதை அடக்கும் காரத்தன்மை நீரில் போதாவிட்டால், அதே தண்ணீர் சற்றுத் தள்ளி 4-க்கும் கீழே இறங்கிவிடும். எனவே ஊற்றின் வாயில் ஒன்று, ஓடையில் கீழே இறங்கி ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். மொத்த அமிலத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம் அத்தனையும் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கல்லின் நிறமும் பேசும். ஆரஞ்சுப் படிவு இரும்பு, வெண்படிவு அலுமினியம், கறுப்பு பெரும்பாலும் மாங்கனீஸ்.

இதைவிட மோசமானது, மருந்து கொடுத்துக் கொண்டிருக்கும் குளத்தை ஆரோக்கியமான குளம் என்று எழுதுவது. வெளியேறும் நீர் வரம்புக்குள் இருக்கலாம்; ஆனால் மேலே புதருக்குள் ஒரு தொட்டியிலிருந்து அமிலத்தை முறிக்கும் காஸ்டிக் சோடா சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். நிறுவனம் போனால் சொட்டும் நின்றுவிடும். மாசு இருக்கிறதா, தொடருமா, தடுக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடச் சட்டமே சொல்கிறது. முதல் கட்டத்தின் 60 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டிய தொகை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

அடுத்தது தேதி. மழை ஆண்டுக்கு 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் பகுதியில் பொறுப்புக்காலம் குறைந்தது 5 ஆண்டு. அதற்குக் குறைவான மேற்குப் பகுதிகளில் 10. இது முதல் விதைப்பிலிருந்து ஓடுவதில்லை. கடைசியாகக் கூடுதல் விதையோ உரமோ பாசனமோ கொடுத்த ஆண்டு முடிந்த பிறகுதான் ஓடும். (அனுமதிக்கப்பட்ட வழக்கமான பண்ணை வேலைகளுக்கு மட்டும் விலக்கு.) கோப்பில் உள்ள தேதியை அப்படியே நம்பாதீர்கள். சுற்றிலும் மங்கிய புல், நடுவில் ஒரு திட்டு மட்டும் கொழுத்த பச்சை, அடியில் இன்னும் மட்காத வைக்கோல் என்றால், அங்கே போன பருவத்தில் யாரோ விதைத்திருக்கிறார்கள். உரம் வாங்கிய ரசீதையும் வேலைப் பதிவேட்டையும் கேளுங்கள்.

புல்லை அளப்பதிலும் ஒரு சங்கதி. வண்டியை நிறுத்திய பாதையோரம் நன்றாகத்தான் இருக்கும். வண்டியில் விதையைப் பீய்ச்சியவர்களுக்கும் அதுதான் வசதியான இடம். அளக்கும் புள்ளிகளை அலுவலகத்திலேயே வரைபடத்தில் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்து ஜி.பி.எஸ்.-இல் ஏற்றிக்கொண்டு போங்கள். உயிருள்ள செடியும் அது தானாக உதிர்த்த சருகும் மட்டுமே நிலப்போர்வையில் (மண்ணை மூடியிருக்கும் பரப்பின் கணக்கில்) சேரும். கொண்டுவந்து பரப்பிய வைக்கோல் சேராது. நிலப்போர்வைக்கென ஒப்புதல் பெற்ற அளவுகோலில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும், அதுவும் 90 சதவீதப் புள்ளியியல் நம்பகத்தோடு. நாலு இடம் பார்த்துச் சராசரி போட்டால் அந்த நம்பகம் வராது.

சீரமைப்புத் திட்டத்தில் காடு என்று எழுதியிருந்தால் மரத்தை எண்ணுவது போதாது, வயதையும் பார்க்க வேண்டும். இரண்டு வளர்பருவம் காணாத கன்று கணக்கிலேயே வராது. எண்ணிய மரங்களில் 80 சதவீதம், பொறுப்புக்காலத்தின் 60 சதவீதம் அங்கே நின்றிருக்க வேண்டும். 5 ஆண்டுக் காலம் என்றால் 3 ஆண்டு. போன வசந்தத்தில் அவசரமாக நட்டு எண்ணிக்கையை நிரப்பினால் இங்கேதான் மாட்டும்.

மண்வெட்டி இல்லாமல் போகாதீர்கள். புல்டோசர் பலமுறை ஓடி வழவழப்பாக்கிய சரிவு கண்ணுக்கு அழகு, வேருக்குக் கல்லறை. மரத்துக்கு ஏறக்குறைய 4 அடி தளர்வான மண் தேவை. ஒரு கன்றின் பக்கத்தில் குழி எடுத்துப் பாருங்கள்: வேர் அரையடியில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் மண் இறுகிவிட்டது என்று பொருள். நெருக்கமாக வளர்ந்த ஃபெஸ்க்யூ புல்லும் கன்றை மூச்சுமுட்ட வைக்கும். அளவுகோலில் அதே புல் நல்ல மதிப்பெண் வாங்கித் தரும் என்பதுதான் வேடிக்கை.

வடிகாலைக் கீழிருந்து மேலாக நடந்து பாருங்கள். கல் பாவிய கால்வாயில் நீர் கல்லின் மேல் ஓடாமல் பக்கத்தில் புதுத் தடம் அறுத்திருந்தால், கல்லுக்கு அடியில் போட்ட துணி வெளியே தெரிந்தால், வேலை முடியவில்லை. வண்டல் குளத்தைக் கடைசிக் கூடுதல் விதைப்புக்கு 2 ஆண்டு கழியும் முன் எடுக்கக் கூடாது. நிரந்தரமாக வைப்பதென்றால் அதற்குத் தனி ஒப்புதலும் பராமரிக்க ஆளும் வேண்டும்.

விண்ணப்பம் வந்து 30 நாளுக்குள், அல்லது வானிலை இடம்கொடுத்தவுடன் ஆய்வு நடக்க வேண்டும் என்பது விதி. பனி மூடிய நிலத்தில் கெடுவுக்காகக் கையெழுத்திடத் தேவையில்லை. வறண்ட ஆகஸ்டில் மட்டும் போனால் கசிவு எதுவும் கண்ணில் படாது. நில உரிமையாளருக்குத் தகவல் சொல்லி, ஆய்வில் கலந்துகொள்ள வாய்ப்பும் தர வேண்டும். அதைச் சம்பிரதாயக் கடிதத்தோடு முடித்துவிடுகிறார்கள். மார்ச் மழைக்கு எந்த மூலை ஊறும், எந்தச் சரிவு போன வருடம் வழுக்கியது என்பது அவருக்குத் தெரியும். வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, நடந்து காட்டச் சொல்லுங்கள்.