கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்: சிங்கப்பூரின் ஓரங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மரீனா பே, செந்தோசா, லிட்டில் இந்தியா என்று மூன்று நாளில் முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இங்கேயே பல வருடமாக வேலை பார்ப்பவர்களில்கூட நிறைய பேர் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் புலாவ் உபின் தீவையோ வடமேற்கு ஓரத்தில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலத்தையோ எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இரண்டு இடத்துக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது, போய்ச் சேருவதும் கஷ்டமில்லை. ஒரே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படி 1: முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

நான் முதல்முறை உபினில் இருக்கும் செக் ஜாவா என்ற கரையோரச் சதுப்புநிலத்துக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், கூட்டமும் இல்லை. ஆனால் நடைபாலத்துக்குக் கீழே வெறும் தண்ணீர்தான் இருந்தது. நண்டு இல்லை, மணல்திட்டு இல்லை, ஒன்றும் இல்லை. கடல் ஏறியிருந்த நேரத்தில் போயிருக்கிறேன் என்பது திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது.

சிங்கப்பூர்க் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் போன வாரம் நண்பர் போன அதே மணிக்கு நீங்களும் போனால் அவர் பார்த்தது உங்களுக்குக் கிடைக்காது. கடல்துறை, துறைமுக ஆணையம் வருடா வருடம் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல், வெளியிடுகிறது, இணையத்தில் தேடினாலும் அந்தந்த நாளுக்கான நேரம் கிடைத்துவிடும். அதில் நேரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரின் உயரம் மீட்டர் கணக்கில் இருக்கும். செக் ஜாவாவுக்கு 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இறங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகம் வற்றும், அதனால் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும், வற்றும் நேரம் அதற்குள் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கை பூலோவுக்கு இதை அப்படியே தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: ஒரு நாளைக்கு ஒரு ஓரம்

இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதிலேயே பொழுது போய்விடும்.

படி 3: சாங்கியில் படகு ஏறுவது

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 2ஆம் எண் பேருந்து, அல்லது தெம்பினிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜில் போய் நிற்கும். அங்கே உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தால் சில நிமிடம்தான்.

உபினுக்குப் போகும் இந்தப் படகுக்கு நேர அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிள் கொண்டுபோனால் தனிக் கட்டணம். ரொக்கமாக, முடிந்தால் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் 12 பேர் சேரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் வற்றும் மணிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே படகுத்துறையில் இருக்கச் சொல்கிறேன். கடல் பயணம் சுமார் பத்து நிமிடம்.

படி 4: செக் ஜாவாவுக்குப் போவது

உபின் ஒரு காலத்தில் கருங்கல் குவாரிகளுக்குப் பேர்போன தீவு. குவாரிகளெல்லாம் மூடப்பட்டு இப்போது தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடக்கின்றன, பெக்கான் குவாரி கிராமத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நாரைகளைப் பார்க்க ஐந்து நிமிடம் நில்லுங்கள். படகுத்துறைக்கு அருகிலேயே வாடகை சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். எடுப்பதற்கு முன் பிரேக்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள், இது முக்கியம், ஏனென்றால் வழியில் சரிவுகள் உண்டு, கடைசிப் பகுதி சரளை மண் பாதை. செக் ஜாவா சுமார் 3 கிலோமீட்டர், நடந்தே போகிறவர்கள் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

வழியில் காட்டுப்பன்றியும் குரங்கும் வரும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கக் கூடாது, குரங்குக்குப் பை என்றாலே சாப்பாடுதான். தண்ணீரும் தின்பண்டமும் முதுகுப் பைக்குள் இருக்கட்டும்.

படி 5: நடைபாலத்தில் மெதுவாக

சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே போனதும் 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று தெரியும், உள்ளே கணப்பு அடுப்புகூட இருக்கிறது, இந்தப் புழுக்கத்தில்! அதைத் தாண்டினால் நடைபாலம் கடல் பக்கம் ஒன்று, சதுப்புக்காட்டுப் பக்கம் ஒன்று என்று பிரியும். கடல் வற்றியிருக்கும்போது கடல் பக்கம் முதலில் போங்கள்.

இந்த இடத்தையே தூர்த்து நிலமாக்குவதாக இருந்தது. மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எடுத்துச் சொல்ல, 2001 டிசம்பரில் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது.

சதுப்புக்காட்டில் கைப்பிடியில் சாய்ந்து ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். அப்புறம் ஒரு வளையிலிருந்து விரல்நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வரும், அதன் ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பெரிதாக இருக்கும். அது ஆண் நண்டு. அந்தப் பெரிய கொடுக்கால் சாப்பிட முடியாது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டி பெண் நண்டைக் கூப்பிடும், சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்துக்கொள்ளும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் கண் பழகிவிடும், சேறு முழுக்க நண்டாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் நீப்பா பனையையும் பாருங்கள், ஐஸ் கச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பில் போடும் அந்த வழுவழுப்பான அத்தாப் பழம் இதன் காய்தான்.

20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் கடைசியாக ஏறுங்கள். இடி கேட்டால் மட்டும் ஏற வேண்டாம், கூரை இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள்.

படி 6: இன்னொரு நாள், சுங்கை பூலோ

கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பேருந்து. வார இறுதியில் நிறுத்தம் மாறலாம், செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும்.

இங்கே கடல் ஏறும் நேரத்தில் போக வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் வெளியே தூரத்துச் சேற்றுத்திட்டில் இரை தேடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குப் புள்ளிதான். தண்ணீர் ஏறி அந்தத் திட்டு மூழ்கியதும் அவை கூட்டமாக உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். அந்தக் குளங்கள் ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகள், கடல் ஏற்றத்தை மதகு வைத்துப் பிடித்து வளர்த்தார்கள். இன்றைக்குப் பறவைகளுக்காக நீர்மட்டத்தைச் சரிசெய்வதும் மதகு வைத்துத்தான். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா வரையான வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம், மற்ற மாதங்களில் நாரை, கொக்கு, நீர் உடும்பு, நீர்நாய்.

முதலையும் உண்டு, உப்புநீர் முதலை. பெரிய பாலத்தில் நின்று ஆற்றங்கரைச் சேற்றைப் பாருங்கள், மரக்கட்டை மாதிரி கிடப்பது கட்டையாக இல்லாமலும் இருக்கலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

படி 7: திரும்புவது

சுங்கை பூலோவிலிருந்து திரும்ப பேருந்து இருக்கிறது, கவலையில்லை. உபினில் மட்டும் மாலை 5 மணிக்கெல்லாம் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள், இருட்டியபின் படகுக்கு 12 பேர் சேருவது சிரமம். நேரம் மிச்சம் இருந்தால் கிராமத்துக் கடையில் ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு துறையில் உட்காருங்கள், எதிர்க்கரையில் சாங்கியில் விமானங்கள் இறங்குவது தெரியும்.