மங்கு இறுகாமல் இருக்க

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் பல வீடுகளில் காலைச் சாப்பாடு என்றாலே மங்குதான், அதாவது பச்சை வாழைக்காயை வேகவைத்து மசிப்பது, சில வீடுகளில் ராத்திரிக்கும் அதுவே. இங்கே செய்ய நேந்திரங்காய் வாங்குங்கள், அவர்கள் சமைப்பதும் அந்த வகைதான், ஆனால் கொஞ்சமும் பழுக்காததாக இருக்கணும்.

தோல் நீக்கி உப்புத் தண்ணீரில் நன்றாக வேகவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், முக்கியமான விஷயமே அதில்தான் இருக்கிறது. காய் சூடாக இருக்கும்போதே வெண்ணெய் போட்டு மசித்து, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, உங்களுக்கு வேண்டிய பதத்தைவிட ஒரு படி தளர்வாகவே நிறுத்துங்கள், ஏனென்றால் மாவுச்சத்து ஆற ஆற இறுகிக்கொண்டே போகும். சிலர் கடைசியில் பச்சைத் தண்ணீரும் சேர்ப்பார்கள், மசியல் வழவழப்பாக வரும்.

மேலே போட, பெரிய வெங்காயத்தை வளையமாக நறுக்கி எண்ணெயில் லேசாக வதக்கி வினிகர் விடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள், மங்குவுக்கு ருசியே அந்தப் புளிப்புதான். அப்புறம் பொரித்த சீஸ், சலாமி (பதப்படுத்திய இறைச்சி), முட்டை. சீஸுக்குப் பதில் பனீரையே பொரிக்கலாம், உருகாது.