சரக்குக் கட்டண பில் தணிக்கையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது எப்படி?

லாரி, கூரியர், கப்பல் என்று பல வழிகளில் சரக்கு அனுப்பும் இடங்களில், வரும் பில்லை வரிவரியாகப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மொத்தத் தொகை போன மாதத்தை ஒட்டி இருந்தால் பணம் போய்விடும். இந்த வேலையை வெளியே கொடுக்கலாம். ஆனால் நீங்கள் தரும் ரேட் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர்களால் தவறைப் பிடிக்க முடியும். அது அரைகுறையாக இருந்தால் தணிக்கையும் அரைகுறைதான்.

படி 1: காகிதங்களைத் திரட்டுங்கள்

கடைசி 3 மாத பில்கள், ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனத்தின் ரேட் ஒப்பந்தம், எடை, அளவுப் பதிவு, சரக்கு பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம். ஒப்பந்தத்துக்குப் பிறகு மின்னஞ்சலில் வந்த திருத்தங்களையும் சேருங்கள். போனில் பேசி முடித்த தள்ளுபடி தணிக்கையாளருக்குத் தெரியாது; எழுத்தில் வாங்கி வையுங்கள்.

படி 2: முதலில் 50 பில்லை நீங்களே பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் பேரம் பேச முடியாது.

பெரும்பாலும் சிக்குவது வால்யூம் வெயிட், அதாவது பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடை; அது உண்மை எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 60 × 40 × 35 செ.மீ. பெட்டி, உண்மை எடை 9 கிலோ என்று வையுங்கள். கன அளவு 84,000 கன செ.மீ. கூரியர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 5000-ஆல் வகுத்தால் 16.8, பில்லில் 17 கிலோ வரும். உங்கள் ஒப்பந்தத்தில் வகுக்கும் எண் 6000 என்றிருந்தால் 14 கிலோதான் வர வேண்டும். ஒரே பெட்டியில் 3 கிலோ வித்தியாசம்.

அதே பெட்டி உப்பி, ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. கூடினால் 62 × 42 × 37. 5000-ஆல் வகுத்தால் 19.27, அரை கிலோவுக்கு உயர்த்தினால் 19.5. இது பில் தவறல்ல, பேக்கிங் தவறு. தணிக்கையாளர் வாதாடினாலும் பணம் திரும்பாது.

அடுத்து எரிபொருள் கூடுதல் கட்டணம். அடிப்படைக் கட்டணம் 1000, தள்ளுபடி 30%, எரிபொருள் 20% என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி போக 700-இல் கணக்கிட்டால் 140; முழு 1000-இல் கணக்கிட்டால் 200. எது சரி என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. அந்த வாசகமே இல்லையென்றால் முதலில் அதை எழுதி வாங்குங்கள்.

ஒரே சரக்குக்கு இரண்டு பில், கேட்காத வீட்டு டெலிவரி கட்டணம், மறு டெலிவரி, காத்திருப்புக் கட்டணம் ஆகியவற்றையும் பாருங்கள். இரட்டை பில்லில் பில் எண் மாறியிருக்கும். அதனால் சரக்கு ரசீது எண்ணை வைத்துத் தேடுங்கள்.

படி 3: எவ்வளவு வேலையைக் கொடுப்பது?

மூன்று வழி உண்டு: தணிக்கை மட்டும்; தணிக்கையும் பணம் செலுத்துதலும்; வண்டி தேர்வு, புக்கிங், இழப்பீட்டுக் கோரிக்கை வரை முழு நிர்வாகம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலாவதோடு நின்றால் போதும். போக்குவரத்து நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை இடையில் இருப்பவர் கையில் கொடுத்து அவர் நொடித்துப்போனால், அதே பில்லை நீங்கள் இரண்டாம் முறை கட்ட நேரலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 4: கூலியைப் பேசுங்கள்

ஒரு பில்லுக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. மீட்ட தொகையில் பங்கு என்பது இன்னொன்று. பங்கு முறையில் முன்பணம் வேண்டாம் என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அதே தவறு மாதாமாதம் வந்தால்தான் அவர்களுக்கு வருமானம். ஆகவே தணிக்கையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: கோரிக்கை அனுப்பியதும் அல்ல, கிரெடிட் நோட் (கூடுதலாக வாங்கிய தொகையைக் கழித்துத் தருவதாகப் போக்குவரத்து நிறுவனம் தரும் சீட்டு) கைக்கு வந்த பிறகே பங்கு; நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த தவறுகளுக்குப் பங்கு கிடையாது; விலகினால் எத்தனை நாள் வரை பங்கு தொடரும் என்பது.

படி 5: பணம் கட்டும் முன்பே தணிக்கை

கட்டிய பிறகு திரும்பப் பெறுவது இழுபறி. அதோடு, பில்லை மறுக்கப் போக்குவரத்து நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கெடு நாள் இருக்கலாம். தாண்டினால் கேட்கும் உரிமையே போய்விடும். தணிக்கை முடியும் நாள், பணம் கட்ட வேண்டிய தேதிக்கு முன்னால் வருமாறு அமையுங்கள். தாமதக் கட்டணம் விழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போகும்.

படி 6: 3 மாதம் சோதனை

ஒரே ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பில்களோடு தொடங்குங்கள். மாத அறிக்கையில் மீட்ட தொகை மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தவறு எதனால் வந்தது என்ற பத்தி வேண்டும். "எடை வேறுபாடு" என்று 40 வரி இருந்தால், கிடங்கின் தராசைச் சரிபார்ப்பது அன்றைய முதல் வேலை.